ஆறு மாதமாக வராதவர்

அந்த வட்டாரத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'ஆறு மாசம்'. வெளியூர்க்காரர்கள் யாராவது அந்தப் பெயரைக் கேட்டால் சட்டென்று அவள் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கிற வேலை அவளுக்கு. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் வெளியூர் போய்விட்டார்கள், வருமானம் எங்கிருந்து வருகிறது, முன்னே எப்படி, இப்போது எப்படி என்று கேட்டுக் கேட்டுக் கையிலிருக்கிற டேப்லெட்டில் ஏற்ற வேண்டும். அதில் ஒரு விதி உண்டு. ஆறு மாதமாக ஒரு வீட்டு அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடாத ஆள், அந்த வீட்டு ஆள் இல்லை. பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி, கட்டின புருஷனாக இருந்தாலும் சரி, பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவள் தெருமுனையில் திரும்பும்போதே, "ஆறு மாசம் வருது, கதவைச் சாத்து" என்று உள்ளே குரல் கேட்கும்.

அந்தப் பக்கத்தில் ஆறு மாதம் வராதவர்களுக்கா பஞ்சம்? நாற்பது கை செய்த அறுவடையை ஒரே இயந்திரம் செய்ய ஆரம்பித்தது. சரி, அதை ஓட்டவாவது உள்ளூர் ஆளைக் கூப்பிட்டார்களா என்றால், கம்பெனியே ஆளையும் சேர்த்து அனுப்பியது. பால் பண்ணையை மூடினார்கள். இரண்டு பள்ளிக்கூடத்தை ஒன்றாக்கினார்கள். முதலில் ஆண்கள் போனார்கள். பிறகு கல்யாணமாகாத பெண்கள் போனார்கள். பிறகு குடும்பம் குடும்பமாகப் பூட்டைப் போட்டுவிட்டுப் போனார்கள். எஞ்சி இருப்பவர்களில் பாதிப் பேர், போனவன் வருவான் என்று இருக்கிற பெண்கள்.

வருமானம் யாருடையது என்று கேட்டால் அந்தப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே பதில்தான். "அவர் அனுப்புறார்." கொஞ்சம் தோண்டிக் கேட்டால் மெதுவாக வெளியே வரும். ஒருத்தி வெங்காயக் கிடங்கில் தரம் பிரிக்கிறாள். ஒருத்தி கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறாள். அதைச் சம்பாத்தியம் என்று சொல்ல மட்டும் வாய் வராது. "வீட்ல சும்மா இருக்க வேணாம்னு பொழுதுபோக்குக்குப் போறேன்" என்பார்கள். பொழுதுபோக்காம்! விடியுமுன்னே லாரியில் ஏறி, இருட்டின பிறகு இறங்குகிற பொழுதுபோக்கு.

நம்மவள் இதிலெல்லாம் கறார். போன வாரம் ஒரு தையல்காரியின் வீட்டுக்குப் போயிருந்தாள். ஜன்னலோரத்தில் மெஷின், அதில் ஒரு கை மட்டும் தைத்த சட்டை. தையல்காரி வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டு, முதல் பெயராகப் புருஷன் பெயரைச் சொன்னாள்.

"கடைசியா எப்ப வந்தார்?"

"வந்து... போன வருஷம் கதவு மாத்தினோமே, அப்ப வந்தார். ஆனா தினம் பேசுவார். இன்னைக்கு என்ன சமைச்சேன்னு கேக்காம அவருக்குத் தூக்கமே வராது."

"கேட்டா வயிறு நிறைஞ்சிடுமா? சாப்பிட்டாரான்னுதான் கேள்வி."

"நீங்களும் ஒரு பொம்பளைதானே. ஒரு பேரு இருந்துட்டுப் போனா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நான் பொம்பளைதான். இந்த மெஷினுக்கு அது தெரியாதே."

சொல்லிவிட்டு, தையல்காரி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பெயரை எடுத்தாள். எழுந்து வெளியே வந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கல்நெஞ்சக்காரி என்று நீங்களும் சொல்வீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் முழுக் கதையையும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அவளுக்கும் ஒரு புருஷன் இருந்தான். டிராக்டர் ஓட்டுவான். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பான். கூரை ஒழுகினால் நாளைக்கு, துணி வாங்கப் போகலாமா என்றால் நாளைக்கு. ஊரே அவனை நாளைக்காரன் என்றுதான் கூப்பிட்டது. சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள், வண்டியில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு ஆள் வேலை செய்வான். வேலை முடித்து டீசல் வாசனையோடு நேராகச் சமையல் கட்டுக்குள் வருவான். தட்டு எடுக்கிற பொறுமை கிடையாது. சட்டியிலிருந்தே எடுத்து நின்றபடி தின்றுகொண்டு, அன்றைக்கு எவன் வயலில் எவன் எவனோடு சண்டை போட்டான் என்று இரண்டு பேர் குரலிலும் பேசிக் காட்டுவான். அவள் சிரித்துச் சிரித்து, அடுப்பில் இருப்பதைக் கருக விடுவாள். அந்தச் சிரிப்புக்காக அவள் இன்றைக்கும் ஏங்கினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அவனுக்காகவே ஏங்கினாள். அவன் முதுகின் சூட்டுக்கு, அவன் கால் நகம் குத்துவதற்குக்கூட.

டிராக்டர் வேலை போனதும் அவன் தூரத்துத் துறைமுகத்தில் சரக்குக் கிடங்குக்குப் போனான். முதல் வருஷம் பணமும் வந்தது, போனும் வந்தது. பிறகு காண்டிராக்ட் எடுத்தவன் மாறினான், கூலியைக் குறைத்தான். பணம் விட்டு விட்டு வந்தது. போன் அதைவிட விட்டு விட்டு வந்தது. பணம் அனுப்ப முடியாதவனுக்குப் பேசவும் வாய் வராது என்று அவளுக்குத் தெரியும். அவள் திட்டவில்லை, கேட்கவுமில்லை. ஒரு நாள் அந்த எண் அணைந்தே போனது. சில மாதம் கழித்து அடித்தபோது மணி அடித்தது. எடுத்தது வேறு யாரோ. "இந்த நம்பரை நான் இப்பதாங்க வாங்கினேன்" என்றான் அந்த ஆள், பாவம், அவனே தப்புச் செய்துவிட்டமாதிரி.

இதை மாமியாரிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வாரம்தான் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு அழவே கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். சரி, ஒரு மாதம் தள்ளிப் போடுவோம் என்று நினைத்தாள். "உங்க பிள்ளை பேசினார் அத்தை, கண்ணுக்கு மருந்து ஒழுங்கா விடச் சொன்னார்" என்று ஒரு பொய் சொன்னாள். அந்த ஒரு மாதத்துக்கென்று சொன்ன பொய் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கமே ஆகிப்போனது. வாரத்துக்கு ஒரு தடவை, வேலையிலிருந்து வந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் தண்ணீர்த் தொட்டியருகே போவாள். உள்ளே கேட்கிற மாதிரி பேசுவாள். "சாப்பிட்டீங்களா... ம்... அத்தை நல்லா இருக்காங்க... அப்படியா சொன்னான் அவன்?" என்று சிரிப்பாள். அந்தப் பக்கம் ஈ எறும்பு இருக்காது. இருந்தும் அந்தப் பொய்ப் புருஷன் நிஜப் புருஷனைவிட ரொம்ப நல்லவனாக இருந்தான். அம்மாவின் கண்ணை விசாரித்தான், முட்டிவலியை விசாரித்தான், இவள் புதுச் செருப்பு வாங்கிக்கொண்டாளா என்றுகூடக் கேட்டான். சில நாள் அவள் தன்னையும் மறந்து, "எப்பதான் வருவீங்க?" என்று நிஜமாகவே கேட்டுவிடுவாள். அப்போது மட்டும் குரல் வேறு மாதிரி ஆகிவிடும். முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே வருவாள்.

சம்பளம் வந்தால் அதையும் அவன் அனுப்பினதாகச் சொல்லித்தான் மாமியார் கையில் கொடுப்பாள். மாமியார் வாங்கி, ஒரு நிமிஷம் மடியில் வைத்திருந்துவிட்டு, செலவுக்கு வைத்துக்கொள் என்று திருப்பித் தருவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் டவுன் ஆபீசில் அவளுக்கு நிரந்தர வேலை தருவதாகச் சொன்னார்கள். கறாராகக் கணக்கெடுத்ததற்குக் கிடைத்த பலன். அறைகள் இரண்டு, குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிற குடியிருப்பு, மாதா மாதம் சம்பளம். அந்த வார முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு நாள் அவன் பையும் கையுமாக வந்து, பூட்டிக் கிடக்கிற கதவுக்கு முன்னால் நின்றால்? அந்தக் காட்சியை நினைத்ததுமே ஆசை அடங்கிவிடும். மாமியாரிடம், "வேண்டாம்னு சொல்லிடப் போறேன் அத்தை. உங்க பிள்ளை வந்தா யார் கதவு திறப்பா?" என்றாள். மாமியார் அவள் முகத்தைப் பார்த்தாளே தவிர, ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் அவள் வீட்டின் முறையும் வந்தது. கணக்கெடுக்கிறவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கணக்கெடுக்கக் கூடாது. மேற்பார்வை பார்க்கிற சூப்பர்வைசர் அம்மாள் நேரில் வந்து கேட்பாள். விஷயம் தெரிந்ததிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. புருஷனைச் சேர்க்காவிட்டால், எத்தனையோ வீட்டில் அவள் சொன்ன வாக்கியத்தை அவள் வீட்டிலேயே, மாமியார் காது கேட்கச் சொல்வார்கள். இவர் இந்த வீட்டு ஆள் இல்லை. அதைக் கேட்டுவிட்டு அப்புறம் எதற்குக் காத்திருப்பது? என்ன ஆனாலும் அவன் பெயரை விடக் கூடாது என்று முடிவு செய்தாள். பதிலையெல்லாம் வரிசையாக மனசுக்குள் தயார் செய்து வைத்தாள்.

சூப்பர்வைசர் அம்மாள் மதியம் போல வந்தாள். கனத்த உடம்பு, இரண்டு மூச்சு வாங்கி உட்கார்ந்து, தண்ணீர் கேட்டுக் குடித்தாள். மாமியார் எதிரில் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பிப்போமா? குடும்பத் தலைவர் யாரு?"

"என் வீட்டுக்காரர், மேடம்."

"கடைசியா எப்ப வந்தார்?"

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "கடந்த ஆறு மாதத்தில் ஒரு முறை. நான்கு இரவுகள் தங்கினார். இந்த வீட்டில் சமைத்த உணவையே சாப்பிட்டார்."

சூப்பர்வைசர் அம்மாள் டேப்லெட்டைத் தொடவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"நான் எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பேன். புருஷன் வந்துட்டுப் போயிருந்தா, ஒருத்தி 'அந்தப் பெரிய மழை பெஞ்சுச்சே, அப்ப வந்தார்'ம்பா. இன்னொருத்தி 'எங்கே வந்தார், வந்த நாளெல்லாம் குறட்டை விட்டார்'னு திட்டுவா. நான்கு இரவுகள் தங்கினார்னு இதுவரைக்கும் ஒருத்தியும் சொன்னதில்லைம்மா. கேள்வி கேக்கிறவதான் இப்படிச் சொல்லுவா. நீ பதில் சொல்லலை, கட்டத்துல டிக் போடுறே."

அவளுக்கு முகம் செத்துப்போனது. வேறு எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். மழை, குறட்டை, எதுவும் வாயில் வரவில்லை. நிஜமாக வந்தவனைப் பற்றித்தானே அதெல்லாம் சொல்ல முடியும்.

"பெரியம்மா, நீங்க சொல்லுங்க" என்று சூப்பர்வைசர் அம்மாள் மாமியார் பக்கம் திரும்பினாள். "பையன் வந்தாரா?"

மாமியார் உரித்த பட்டாணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"வரலை."

"அத்தை..."

"சும்மா இரு. ரெண்டு வருஷமா வரலைம்மா. போனும் வரலை. அவன் நம்பரை இப்ப வேற ஒரு பையன் வச்சிருக்கான். நல்ல பையன். சைக்கிள் கடை போட்டிருக்கானாம். போன மாசம் அவனுக்குப் பொண்ணு பொறந்திருக்கு."

மருமகள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எப்படி..."

"நீ வேலைக்குப் போனதும் நான் என்ன சுவத்தையா பாத்துட்டு உக்காந்திருப்பேன்? பழைய போன்ல ரெண்டாம் நம்பரை அமுக்கினா அவன் எடுப்பான்னு நீதானே சொல்லிக் கொடுத்தே. அமுக்கினேன். 'இந்த நம்பர் இப்ப என்னோடதும்மா, இதே ஆளைக் கேட்டு இன்னொரு அக்காவும் ஒரு தடவை அடிச்சாங்க'ன்னான். கண்ணு தெளிஞ்ச கொஞ்ச நாள்லயே எல்லாம் தெரிஞ்சு போச்சு."

"அப்புறம் ஏன் அத்தை என்னைக் கேக்கலை? வாராவாரம் நான் வெளியில நின்னு பைத்தியம் மாதிரி பேசினேனே."

மாமியாரின் நகத்தில் ஒரு தோல் மாட்டிக்கொண்டது. அதை மெதுவாக எடுத்தாள்.

"பேசிட்டு உள்ள வரும்போது உன் முகம் பளிச்சுன்னு இருக்கும். அதை ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன். அப்புறம், எனக்கும் கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. நிஜமா பேசினப்ப அந்தப் பய என் கண்ணைப் பத்தி ஒரு நாளாவது விசாரிச்சிருப்பானா?"

சூப்பர்வைசர் அம்மாளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டாள். மாமியார் விடுவதாக இல்லை.

"வருமானம் யாரோடதுன்னு அடுத்துக் கேப்பீங்கள்ல? இவளோடது. எல்லாமே இவளோடது. இந்த வேலைக்கு முன்னாடி இவளும் வெங்காயக் கிடங்குக்குப் போனப்பவே, அவர் அனுப்பினார்னு கொண்டாந்து கொடுப்பா. துறைமுகத்துலேருந்து வர்ற பணத்துல எதுக்கும்மா வெங்காய வாசனை அடிக்கணும்? தலைவர்னும் இவளையே போடுங்க. நாங்க ரெண்டு பேர். இந்த அடுப்புல சாப்பிடுறது ரெண்டே பேர்."

சூப்பர்வைசர் அம்மாள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். மருமகளைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? வந்தார்னே போட்டுடுறேன். என்னை யார் வந்து கேக்கப் போறா? ஒரு பேருதானே, இருந்துட்டுப் போகட்டும்."

இதே வார்த்தையைத்தானே தையல்காரி கெஞ்சினாள். அவளுக்கு அந்தப் பாதிச் சட்டையும், தான் திரும்பிப் பார்க்காமல் வந்ததும் நினைவுக்கு வந்தன. நினைத்துக்கூடப் பார்க்க முடியாத அளவுக்கு அவமானமாக இருந்தது. அந்தப் பெண்ணின் புருஷனாவது தினம் போனில் பேசுகிறான்.

"எனக்கு அவர் வேணும் அத்தை" என்றாள். யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"எனக்கு மட்டும் வேணாமா?" என்றாள் மாமியார். "பெத்தவ நான். வேணும்னு நினைச்சா ஆள் வந்துட்டதா ஆயிடுமா? நீதானே ஊரெல்லாம் சொல்றே."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த பிறகும் வந்துகொண்டே இருந்தது. அப்படியே சொன்னாள். "எடுத்துடுங்க, மேடம்."

சூப்பர்வைசர் அம்மாள் எடுத்தாள். ஒரு விரலால் தொட்டாள், அவ்வளவுதான். நாளைக்காரன் அந்த வீட்டு ஆள் இல்லை என்று ஆயிற்று.

"எடுத்தவங்களுக்கு ஒரு கேள்வி மிச்சம் இருக்கு" என்றாள் தயங்கி. "உனக்கே தெரியும். கேட்டுத்தான் ஆகணும். அடுத்த ஒரு வருஷத்துல இந்த வீட்டுக்குத் திரும்பி வருவாரா? ஆம், இல்லை, தெரியாது."

அவளுக்குத் தெரியாதா? எல்லா வீட்டிலும் அவள் கேட்ட கேள்வி. எல்லா வீட்டிலும் ஆம் என்றுதான் சொல்வார்கள். தகவலே இல்லாதவனின் பெண்டாட்டி சொல்வாள். வேறு குடும்பம் வைத்துவிட்டான் என்று ஊருக்கே தெரிந்தவனின் பெண்டாட்டியும் கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்வாள். அதுகளுக்கெல்லாம் புத்தி இருக்கிறதா என்று நினைத்தபடியே அடுத்த வீட்டுக்கு நடப்பாள். இதற்குச் சரியான பதில் மூன்றாவதுதான். தெரியாது. அவள் அதைச் சொல்லத் தொண்டையைச் சரிசெய்துகொண்டாள்.

"வருவான்" என்றாள் மாமியார்.

இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். இப்போதுதான் வரலை என்றவள், இரண்டே பேர் என்றவள்.

"என்ன பாக்குறீங்க? வராம எங்க போயிடுவான்? வருவான். எழுதும்மா."

மருமகள் மாமியாரின் முகத்தையே பார்த்தாள். அங்கே பொய் எதுவும் இல்லை. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குப் பட்டது. "ஆம்னு போடுங்க, மேடம்" என்றாள்.

சூப்பர்வைசர் அம்மாள் போட்டாள். அடுத்த கேள்வி வந்தது. அதைப் படித்துவிட்டு ஒரு கணம் நிறுத்தினாள். "இந்தக் குடும்பம் அடுத்த ஒரு வருஷத்துல வேற ஊருக்கு மாறிப் போகுமா?"

"இல்லை" என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது அவளுக்கு. மாமியார் பட்டாணிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். கையை ஊன்றி, முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"டவுன் வேலைக்குச் சரின்னு சொல்லிடு. குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்காமே, நானும் ஒரு நாள் குனியாம தண்ணி பிடிச்சுப் பாக்குறேன்."

"அத்தை, அவர் வந்தா? பூட்டி இருக்குமே. வாசல்ல வந்து நின்னுட்டு என்ன செய்வார்?"

"நிக்கட்டும்" என்றாள் மாமியார். "நாம எத்தனை நாள் வாசலைப் பாத்துக்கிட்டு இருந்தோம். அவனும் வந்து கொஞ்ச நேரம் பாக்கட்டும்."

சொல்லும்போது கிழவியின் வாய் கோணியது. அதை மறைக்கத்தான் அவள் சமையல் கட்டுக்குள் போனாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. மருமகள் எழுந்து போகவில்லை. மாமியாரை அழ விட்டுவிட்டு, சூப்பர்வைசர் அம்மாளிடம் திரும்பினாள்.

"போறோம், மேடம். ரெண்டு பேரும் போறோம்."